கதியால் பக்கம்: வாசகர் கேள்வி பதில்

34 வருடம் விவசாயப் போதனாசிரியராக முதலில் சைக்கிளிலும் பிறகு மோட்டார் சைக்கிளிலும் திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமம், கிண்ணியா, மூதூர் என்று சுற்றியவன் நான். அப்பப்பா ஊரறிந்த பரியாரி. அதனால் எனக்கு வயல் கேள்வியும் வருகிறது, வயிற்றுவலிக் கேள்வியும் வருகிறது. வயிற்றுவலிக்காரர்கள் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மற்றவர்களுக்குப் பதில் கீழே.

மகள் கனடாவில். பேத்திக்கு நாவூறு பட்டிருக்கும், செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றிப் போடு என்று சொன்னேன். “மிளகாயே அமெரிக்காவிலிருந்து வந்ததுதானே அம்மா, அதற்கு முந்தி இங்கே யாருக்கும் நாவூறு படவில்லையா?” என்று சிரிக்கிறாள். உண்மையா ஐயா? – ஒரு தாய், உப்புவெளி

முதற்பாதி உண்மை அம்மா. மிளகாய் மெக்சிக்கோப் பக்கத்துச் செடி. 1492இல் கொலம்பஸ் போன பிறகுதான் அது கடல் தாண்டியது. எங்கள் பக்கத்துக்குக் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கீசர். சம்பந்தர் கோணமாமலையைப் பாடிய 7ஆம் நூற்றாண்டில் இந்த ஊர்க் குசினி எதிலும் ஒரு மிளகாய்கூட இருந்திருக்காது. உறைப்புக்கு மிளகுதான். புதுக் காய் வந்ததும், மிளகு போல உறைக்கிற காய் என்று பெயரை ஒட்டிவிட்டார்கள். குசினி என்று எழுதினேனே, அந்தச் சொல்லும் போர்த்துக்கீசர் கொடுத்ததுதான். அன்னாசி, கொய்யா, பப்பாசி, மரவள்ளி எல்லாம் அதே திசைச் சாமான். கோயில் திருவிழாவில் கச்சான் வாங்காமல் வீடு திரும்புகிறவர் நம்மில் உண்டா? கச்சானுக்குச் சொந்த ஊர் தென்னமெரிக்கா.

ஆனால் நாவூறு மிளகாய் வரும்வரை காத்துக்கொண்டிருக்கவில்லை என்று மகளிடம் சொல்லுங்கள். ஈரானில் எஸ்பந்த் என்றொரு விதை. அதைத் தணலில் போட்டுப் பிள்ளையின் தலையைச் சுற்றிப் புகை காட்டுவார்கள். விதை படபடவென்று வெடிக்கும். இத்தாலியில் அருவதாச் செடி. மிளகாயின் தாய்நாடான மெக்சிக்கோவிலோ அருவதாவையும் ஒருவகைத் துளசியையும் கட்டாகக் கட்டி உடம்பில் தட்டுவார்கள், முட்டையால் உடம்பெல்லாம் தடவி அதைத் தண்ணீரில் உடைத்துப் பார்ப்பார்கள். எங்கே போனாலும் ஏதோ ஒன்று வெடிக்க வேண்டும், அல்லது மூக்கைத் துளைக்க வேண்டும். எங்கள் ஆட்கள் கையில் செத்தல் மிளகாய் கிடைத்ததும் அதற்கு இதைவிடத் தோதான சாமான் இல்லை என்று கண்டுகொண்டார்கள், அவ்வளவுதான்.

என் அம்மம்மா ஏழு செத்தல், ஒரு பிடி உப்பு, முச்சந்தி மண் கொஞ்சம் எடுத்து மூன்று தரம் சுற்றி அடுப்பில் போடுவார். கமறல் வரவில்லை என்றால், “பார்த்தியா, எவ்வளவு நாவூறு.” கமறிக்கொண்டு எல்லோரும் வெளியே ஓடினால், “கழிஞ்சு போச்சு.” அம்மம்மா தோற்ற நாளை நான் கண்டதில்லை. கனடாக் குசினியில் செய்வதென்றால் புகைமணி கூரையைப் பிளக்கும், கவனம். அஸ்தெக் மக்கள் சொல்வழி கேளாத பிள்ளைகளை மிளகாய்ப் புகையில் பிடித்தார்களாம். பழைய ஓவியத்திலேயே இருக்கிறது. பேத்திக்கு அதைச் சொல்ல வேண்டாம்.

அஸ்ஸலாமு அலைக்கும் சேர். கால் ஏக்கர் கத்தரி வைத்திருக்கிறேன். வேப்பிலை அவித்த தண்ணீரை மூன்று தரம் அடித்துவிட்டேன். புழு கூடினதே தவிரக் குறையவில்லை. இந்த இயற்கை விவசாயம் எல்லாம் வெறும் பேச்சா? – ஒரு தோட்டக்காரர், கிண்ணியா

வஅலைக்கும் ஸலாம் தம்பி. வேம்பில் பிழையில்லை, அடுப்பில்தான் பிழை. நானும் இதே பிழையைச் செய்து ஊர் சிரிக்க நின்றவன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், மூதூரில் ஒரு தோட்டத்தில் பெரிய கிடாரம் வைத்து வேப்பிலை அவித்துக் காட்டினேன். சுற்றிவரப் பத்துப் பதினைந்து பேர். அடுத்த கிழமை போய்ப் பார்த்தால் செடியில் இலையைவிடப் புழு அதிகம். ஒரு முதியவர் வரம்பில் குந்தியிருந்து, “தம்பி, பூச்சிக்கு ரசம் வைச்செல்லோ குடுத்திருக்கிறீர்” என்றார். அந்த வருடம் முழுக்க அந்தப் பக்கத்தில் எனக்கு ரசம் என்றுதான் பெயர்.

விஷயம் இதுதான். பூச்சியைத் தின்னவிடாமலும் தோலுரிக்கவிடாமலும் செய்கிற அசாடிராக்டின் என்ற பொருள் இலையைவிடக் கொட்டைப் பருப்பில்தான் அதிகம். அதற்குச் சூடு ஆகாது, வெயிலும் ஆகாது. பழம் விழும் காலத்தில் பொறுக்கிச் சதையைக் கழுவி, கொட்டையை நிழலில் உலர்த்துங்கள். தேவையானபோது உடைத்துப் பருப்பை இடித்து, லீற்றருக்கு 50 கிராம் கணக்கில் பச்சைத் தண்ணீரில் இரவு முழுக்க ஊறப் போடுங்கள். 16 லீற்றர்த் தாங்கிக்கு 800 கிராம். விடிந்ததும் பழைய சாரத்துண்டில் போட்டுப் பிழிந்தால் பால் மாதிரி வரும். உள்ளி நாற்றம் அடிக்கும். அந்த நாற்றம் வந்தால் பதம் சரி. சவர்க்காரத் தூள் கொஞ்சம் கரைத்து, பொழுது சாயும் நேரத்தில் இலையின் கீழ்ப்பக்கம் நனைகிற மாதிரி அன்றைக்கே அடித்து முடியுங்கள். நாளைக்கு என்று மிச்சம் வைத்தால் வெறும் நாற்றம்தான் மிஞ்சும். அடித்த உடனே புழு செத்து விழாது, நாலைந்து நாள் பொறுமை வேண்டும். காய்க்குள்ளும் தண்டுக்குள்ளும் புகுந்துவிட்ட புழுவை எந்த மருந்தும் எட்டாது. வாடித் தொங்கும் நுனிகளைக் கிள்ளி எரியுங்கள், வரம்பில் எறிய வேண்டாம்.

இந்தப் பதம் எங்கள் ஊரோடு நின்றதில்லை. 1959இல் சூடானில் வெட்டுக்கிளிப் படை இறங்கிக் கண்ணில் பட்ட பச்சையை எல்லாம் மொட்டையடித்தபோது வேம்பு மட்டும் தப்பி நின்றதை ஷ்முட்டரர் என்ற ஜெர்மன் பூச்சியியலாளர் பார்த்தார். வேம்பு பற்றிய பெரிய ஆராய்ச்சிகள் அங்கிருந்துதான் சூடு பிடித்தன. கிழக்காபிரிக்கச் சுவாஹிலி மொழியில் வேம்புக்கு ‘நாற்பதின் மரம்’ என்று பெயர், நாற்பது நோய் தீர்க்குமாம். உங்கள் ஊரில் ஹஜ்ஜுக்குப் போய்வந்தவர்களைக் கேட்டால் அரபாத் வெளியில் வேப்ப மர நிழலில் நின்றதைச் சொல்வார்கள். ஆயிரக்கணக்கில் நட்டிருக்கிறார்கள்.

சூடு என்றதும் இன்னொரு கதை. நீளும்தான், ஆனால் சொல்லாமல் விட மனமில்லை. எங்கள் மாவட்டத்தை ஒரு காலத்தில் மலேரியாக்காய்ச்சல் என்ன பாடு படுத்தியது என்று வயதானவர்களுக்குத் தெரியும். 2016இல்தான் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. சீனத்தில் தூ யூயூ என்ற அம்மையார் 1970 வாக்கில் மலேரியாவுக்கு மூலிகை தேடினார். சிங்ஹாவ் என்ற செடி ஒருநாள் வேலை செய்யும், மறுநாள் செய்யாது. கடைசியில் 4ஆம் நூற்றாண்டு வைத்தியர் கே ஹொங் எழுதி வைத்த ஒரு வரியில் மாட்டினார்: ஒரு பிடி செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து சாற்றைக் குடி. காய்ச்சு என்று அந்த ஆள் சொல்லவில்லையே! சூடு காட்டாமல், குறைந்த வெப்பத்தில் கொதிக்கும் ஈதர் என்ற திரவத்தில் சாறெடுத்தார், மருந்து நின்றது. அதுதான் ஆர்ட்டிமிசினின். 2015இல் நோபல் பரிசு. என் கிடாரத்தை நினைத்துக்கொண்டேன்.

வேப்பெண்ணெயால் பூஞ்சணத்தைக் கட்டுப்படுத்தும் முறைக்கு ஓர் அமெரிக்க நிறுவனமும் அந்நாட்டு விவசாயத் திணைக்களமும் சேர்ந்து 1994இல் ஐரோப்பாவில் காப்புரிமை வாங்கின. இந்தியாவில் விவசாயிகள் முன்பே செய்துவருவது என்று காட்டி வழக்காடியதில் 2000இல் அது ரத்தானது. மேல்முறையீடும் 2005இல் தள்ளுபடி. மஞ்சளில் புண் ஆற்றுவதற்கு அமெரிக்காவில் கொடுத்த உரிமையும் 1997இல் இப்படித்தான் போனது.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். செடிக்கு நல்லது என்பதற்காகக் கைக்குழந்தைக்கு வேப்பெண்ணெய் பருக்கிவிடாதீர்கள். வலிப்பு வந்து உயிர் போன பிள்ளைகள் உண்டு.

நவராத்திரிக்கு எங்கள் ஒழுங்கையில் கும்பம் வைப்போம். கும்பத்தைச் சுற்றி நவதானியம் விதைப்பது ஏன்? முளை பொன் மஞ்சளாக வந்தால் நல்ல சகுனம் என்று பூசாரியார் சொல்கிறார். – உயர்தர வகுப்பு மாணவி, திருகோணமலை

மஞ்சளுக்குக் காரணம் உங்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது பிள்ளை. கும்பம் வைத்த இடத்தைச் சுற்றித் துணி கட்டி, வேப்பிலை தொங்கவிட்டு, உள்ளே குத்துவிளக்கு மட்டும் எரிகிறது. வெயில் இல்லாமல் பச்சையம் ஏது? முளை வெளிச்சம் தேடி நூல் மாதிரி நீண்டு மஞ்சளாக நிற்கும். அதே தானியத்தை ஒரு சட்டியில் விதைத்து முற்றத்தில் வைத்துப் பாருங்கள். பச்சையாக, கட்டையாக வரும். இதைப் பூசாரியாரிடம் போய்ச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்ளாதீர்கள். முளை ஒரே சீராக வந்தால் விதையும் நல்லது, தண்ணீர் தெளித்த பிள்ளையும் நல்லது. அந்த வகையில் சகுனம் சரிதானே?

நவராத்திரி முடிய மழை பிடிக்கும், பெரும்போக விதைப்புத் தொடங்கும். விதை முளைக்குமா என்று பார்க்கத்தான் முன்னோர் இப்படி வைத்தார்கள் என்று சொல்கிறவர்கள் உண்டு. நானும் பல வருடம் மேடையில் அப்படித்தான் முழங்கினேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன். விதை பார்ப்பதென்றால் 100 நெல்லை எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து எத்தனை முளைத்தது என்று எண்ணுவோம்; 85க்குக் குறைந்தால் அந்த நெல் விதைக்கு ஆகாது. கும்பத்தடியில் யாரும் எண்ணுவதில்லை.

பழைய ஏதென்ஸ் நகரில் பெண்கள் உடைந்த சட்டிகளில் சலாதும் பெருஞ்சீரகமும் விதைத்துக் கூரையில் ஏற்றி வைப்பார்கள். நடுக்கோடை வெயில், முளைத்த வேகத்தில் வாடிவிடும். இளவயதில் இறந்த அடோனிஸ் என்ற தெய்வத்துக்காக அழுது, அதைக் கடலிலோ ஊற்றிலோ விடுவார்கள். அங்கே செடி வாடுவதுதான் சடங்கு. ஈரானியர் புத்தாண்டுக்குக் கோதுமையோ பருப்போ தட்டில் முளைக்கவிட்டு, 13ஆம் நாள் ஓடும் தண்ணீரில் விடுகிறார்கள். விடுமுன் இளம்பெண்கள் அந்தப் புல்லில் முடிச்சுப் போட்டு நேர்ந்துகொள்வார்கள். குரோவேசியாவில் டிசம்பர் 13இல் தட்டில் கோதுமை விதைக்கிறார்கள். நத்தாருக்கு அது பச்சைப் பசேலென்று நிற்கும். நடுவில் ஒரு மெழுகுவர்த்தி. படத்தில் பார்த்தபோது எனக்கு உங்கள் ஒழுங்கைக் கும்பம்தான் ஞாபகம் வந்தது. முளை அடர்ந்திருந்தால் அடுத்த வருடம் விளைச்சல் என்று அங்கேயும் சொல்கிறார்கள், பூசாரியார் இல்லாமலே.

எங்கள் வேலியில் நிற்பதெல்லாம் கிளிசரியாக் கதியால். அது உள்ளூர் மரமா? – ஒரு வாசகர், நிலாவெளி

இல்லை. மத்திய அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே கொக்கோவுக்கு நிழலுக்காக நடுவதால் ‘கொக்கோவின் தாய்’ என்பார்கள். ‘எலிகொல்லி’ என்றும் பெயர் உண்டு. பட்டையையும் இலையையும் சோளனோடு சேர்த்துப் புளிக்கவைத்து எலிக்கு வைப்பார்கள். ஆடு தின்னலாம், குதிரைக்குக் கூடாது. குழையை வெட்டி வயலில் தாழ்த்துங்கள், நல்ல பசளை. கதியால் என்றால் எனக்கு இன்னும் பூவரசுதான். அது என் குறை.

மருத்துநீர் தலையில் வைக்காமல் எங்களுக்கு வருடம் பிறக்காது. அடுத்த காணிச் சிங்களக் குடும்பமும் இலை வைத்துத் தலைக்கு ஏதோ தேய்க்கிறது. யார் யாரிடமிருந்து எடுத்தது? – ஓர் ஆசிரியை, தம்பலகாமம்

நான் பிறந்த ஊரிலிருந்து கேட்கிறீர்கள் ரீச்சர். எனக்கு மருத்துநீர் என்றால் அப்பப்பா வீட்டுப் பின்விறாந்தையும் செப்புப் பானையும்தான். தாழம்பூ, தாமரைப்பூ, மாதுளம்பூ, துளசி, வில்வம், அறுகு, பீர்க்கு, மஞ்சள், மிளகு, வேர்க்கொம்பு. கடைசியில் பாலும் கோரோசனையும் கோசலமும் கோமயமும். தாழம்பூ பறிக்கப் போனால் முள் கிழிக்கும் என்பதால் அந்த வேலை எப்போதும் பேரப்பிள்ளைகளுக்கு. கொதி வரும்போது முதலில் துளசி மணக்கும், அப்புறம் மிளகு, எல்லாவற்றையும் மூடிக்கொண்டு கடைசியில் மாட்டுப்பட்டி மணம். அப்பப்பா கண்ணை மூடிக்கொண்டு மணத்தை வைத்தே இறக்குவார்.

தலைக்கு எந்த இலை, காலுக்கு எந்த இலை என்று வருடா வருடம் பஞ்சாங்கம் சொல்லும். வாக்கியம் ஒன்று சொல்லும், திருக்கணிதம் இன்னொன்று சொல்லும்; வீட்டில் இரண்டும் இருந்தால் சண்டை. உங்கள் பக்கத்து வீட்டாரும் சுப நேரம் பார்த்துத் தலைக்கொரு இலை, காலுக்கொரு இலை வைத்து, நானு என்ற அரைப்பும் எண்ணெயும் பெரியவர் கையால் வைத்துக்கொள்வார்கள். நாங்கள் வருடம் பிறக்கும் புண்ணிய காலத்தில் வைக்கிறோம், அவர்கள் பிறந்த பிறகு வைக்கிறார்கள்.

யார் யாரிடம் எடுத்தது என்று தேடப் புறப்பட்டால் வழியில் தாய்லாந்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். அங்கேயும் ஏப்ரல் 13 முதல் சொங்கிரான் புத்தாண்டு, பெயரே சங்கிராந்திதான். வடதாய்லாந்தில் பூவும் சொம்பொய் என்ற காயும் ஊறவைத்த தண்ணீரைப் பெரியவர்கள் கையில் ஊற்றி ஆசி வாங்குவார்கள். சொம்பொய் வேறொன்றுமில்லை, நம்முடைய சீயக்காய்.

இப்போது மருத்துநீர் போத்தலிலும் வருகிறது. போன வருடத்துக்கு முந்தின வருடம் அலுப்பில் ஒரு கடையில் வாங்கினேன். மூடியைத் திருகியதும் சோடா மாதிரிச் சீறி என் வேட்டியில் பாதியை நனைத்தது. புளித்துப் போயிருந்தது. மனைவி, “பரியாரியாரின் பேரன்” என்ற இரண்டே சொல்லோடு உள்ளே போய்விட்டார். கோயிலில் காய்ச்சுவதை ஒரு செம்பில் வாங்கிக்கொள்ளுங்கள்.

புது ஓட்டோ எடுத்தேன். நாலு தேசிக்காயைச் சில்லுக்கு அடியில் வைத்து நசித்தார்கள். தேசிக்காய் விற்கிற விலையில் இது வீண்தானே? – ஓட்டோச் சாரதி, திருகோணமலை

மூன்று சில்லுக்கு நாலு தேசிக்காயா? அது வீண்தான் தம்பி.

ஆனால் இதே சாதிக் காயைக் கப்பல் ஏற்றியவர்கள் இந்தத் துறைமுகத்தில் இருந்தார்கள். நெடும்பயணம் போகும் மாலுமிகளுக்கு ஈறு அழுகி, பழைய காயம் திரும்பப் பிளக்கும் ஸ்கேவி என்ற நோய். 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் வைத்தியர் 12 நோயாளிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒவ்வொரு சோடிக்கும் ஒவ்வொரு மருந்து கொடுத்துப் பார்த்தார். தோடம்பழமும், லெமன் என்கிற மஞ்சள் எலுமிச்சையும் தின்ற இருவர் ஆறே நாளில் எழும்பிவிட்டார்கள். அதைக் கடற்படை கட்டளையாக்க 1795 ஆனது. அதே 1795இல்தான் பிரித்தானியர் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலைக் கோட்டையைப் பிடித்தார்கள். பிறகு 1860களில் எலுமிச்சையை விட்டு மேற்கிந்தியத் தீவுத் தேசிக்காய்க்கு மாறினார்கள். அதில் விற்றமின் சி குறைவு. சாற்றைத் தேக்கி, செப்புக் குழாயில் ஓடவிட்டதில் இருந்ததும் போனது. 1875இல் வடதுருவம் போன கப்பல்களில் ஸ்கேவி திரும்ப வந்தது.

நசித்தது போக மிச்சம் இருந்தால் உப்புப் போட்டுக் குடியுங்கள். மத்தியான வெயிலில் ஓட்டோ ஓடுகிறவருக்கு அது வேண்டும்.

எனக்குச் சீனி வருத்தம். சிறுகுறிஞ்சா இலை தின்றால் குளிசையை விடலாம் என்கிறார்கள். – ஓர் அம்மா, மூதூர்

குளிசையை விடாதீர்கள் அம்மா. கிளினிக்கில் சொல்லாமல் எதையும் கூட்டவும் வேண்டாம். குளிசையும் இலையும் சேர்ந்து சீனியைத் தேவைக்கு மேல் இறக்கினால் மயங்கி விழுவீர்கள். வறை செய்து சோற்றோடு கொஞ்சம் சாப்பிடுவது வேறு.

அந்த இலை நாக்கில் செய்யும் வேலை மட்டும் பொய்யில்லை. இந்தியில் அதற்குப் பெயரே ‘இனிப்புக்கொல்லி’. ஒன்றிரண்டு இலையை நன்றாக மென்று துப்பிவிட்டுச் சீனி போட்டால் வாயில் மணல்தான். அரை மணித்தியாலம், சிலருக்கு ஒரு மணித்தியாலம் அப்படி இருந்துவிட்டுத் தெளியும். போன விடுமுறைக்குக் கொழும்பிலிருந்து வந்த பேரனுக்கு இரண்டு இலை மெல்லக் கொடுத்து, பின்னாலேயே ஒரு டொபியும் கொடுத்தேன். இரண்டு கடி கடித்தான். எடுத்துப் பார்த்தான். “தாத்தா, இது பழுதாப் போச்சு” என்று என் கையிலேயே திருப்பித் தந்துவிட்டான்.